கம்ப்யூட்டர் ஒழுங்காக அணையவில்லையா? எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்துச் சரிசெய்யும் முழு வழிகாட்டி

திருநெல்வேலியில் என் மாமா வீட்டுக் கம்ப்யூட்டர் ராத்திரி அணையாது. ஷட் டவுன் கொடுத்தால் திரையில் ‘ஷட்டிங் டவுன்’ என்று எழுத்து வரும், அதன் மேலே வெள்ளைப் புள்ளிகள் வட்டமாகச் சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். மாமா நாலைந்து நிமிடம் நின்று பார்த்துவிட்டுச் சுவிட்ச் போர்டில் கை வைத்துவிடுவார். “மருமவனே, அது தானா அணையாது. நாமதான் அணைக்கணும்” என்று போனில் சாதாரணமாகச் சொன்னார். ஏழெட்டு மாதம் இப்படியே ஓடியிருக்கிறது. ஒருநாள் பேத்தியின் காதுகுத்துப் படங்களை அத்தை திறந்து பார்க்க, பாதிப் படங்கள் திறக்கவே இல்லை. அதற்குப் பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.

அந்தப் படங்களில் சிலவற்றை என்னால் மீட்க முடியவில்லை. இதை இவ்வளவு விரிவாக எழுதுவதற்கு அதுதான் காரணம். அணையாத கம்ப்யூட்டரோடு பலர் ஒத்துப்போகப் பழகிவிடுகிறார்கள். கடைக்குக் கொண்டுபோனால் “ஃபார்மேட் பண்ணிடலாம் சார்” என்பார்கள். பெரும்பாலும் அதற்குத் தேவையே இருக்காது. அணைவது என்பது ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும் வேலை. அது எந்தப் படியில் நிற்கிறது என்று கவனித்துவிட்டால், கை வைக்க வேண்டிய இடம் தானாகக் குறுகிவிடும். கவனிக்காமல் இணையத்தில் கிடைத்த பத்து வைத்தியத்தையும் ஒன்றாகச் செய்தால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது.

இங்கே சொல்வதெல்லாம் விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். ஆரம்பிப்பதற்கு முன் ஒரு வேலை: படங்கள், பத்திரங்கள், கணக்கு ஃபைல்கள் எல்லாவற்றையும் வெளி ஹார்டு டிஸ்கிலோ பென் டிரைவிலோ ஒரு நகல் எடுத்துவிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

பட்டனை அழுத்தியதும் உள்ளே என்ன நடக்கிறது

ஷட் டவுன் கொடுத்ததும் விண்டோஸ் முதலில், திறந்திருக்கும் ஒவ்வொரு புரோகிராமிடமும் மூடலாமா என்று கேட்கிறது. சேமிக்காத கடிதம் ஒன்று வேர்டில் இருந்தால், அது பொறு என்று நிறுத்தி வைக்கும். எல்லாம் மூடியபின் உங்கள் கணக்கிலிருந்து வெளியேறுகிறது. அடுத்து திரைக்குப் பின்னால் ஓடும் சர்வீஸ்களை நிறுத்துகிறது. பிறகு நினைவகத்தில் காத்திருக்கும் தகவலை டிஸ்கில் எழுதி முடிக்கிறது. பிறகு ஒவ்வொரு டிரைவரிடமும், அதாவது பிரின்டர், வைஃபை போன்ற ஒவ்வொரு சாதனத்தையும் இயக்கும் சிறு மென்பொருளிடமும், அதனதன் சாதனத்தை அணைக்கச் சொல்கிறது. கடைசியாக மதர்போர்டு வழியாக பவர் சப்ளைக்குச் சைகை போகிறது, ஃபேன் நிற்கிறது.

விண்டோஸ் 95 ஓட்டியவர்களுக்கு இந்தக் கடைசிப் படி இல்லாத காலம் நினைவிருக்கும். இப்போது அணைக்கலாம் என்று ஆரஞ்சு எழுத்தில் ஆங்கிலத்தில் வரும், நாம்தான் பெரிய பட்டனைத் தட்டி அணைக்க வேண்டும். 1995ல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் என்ற மதர்போர்டு, பவர் சப்ளை அமைப்பு பரவிய பிறகுதான் மென்பொருளே மின்சாரத்தை நிறுத்தும் வசதி வீடுகளுக்கு வந்தது. அதாவது இன்றைக்கு சிபியு பெட்டியின் முன்னால் இருக்கும் பட்டன், மின்சாரத்தை நேரடியாக வெட்டும் சுவிட்ச் அல்ல. அது மதர்போர்டிடம் வைக்கும் ஒரு வேண்டுகோள்தான்.

இப்போதே அணைத்தாக வேண்டும் என்றால்

திரையில் அப்டேட் நடக்கிறது, அணைக்காதீர்கள் என்ற வாசகமும் சதவீதமும் இருந்தால் காத்திருங்கள். பழைய ஹார்டு டிஸ்க் கம்ப்யூட்டரில் அது ஒரு மணி நேரத்துக்கு மேலும் போகலாம். ஒரே எண்ணில் அரை மணி நின்றாலும், பெட்டியில் ஹார்டு டிஸ்க் விளக்கு மின்னிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது என்றுதான் அர்த்தம்.

அப்டேட் இல்லை, மவுஸ் மட்டும் அசைகிறது, வேறொன்றும் கேட்கவில்லை என்றால் கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் திரையின் வலது கீழ் மூலையில் பவர் குறி இருக்கும். கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டே அதைக் கிளிக் செய்தால் அவசர ரீஸ்டார்ட் ஒன்று கிடைக்கும். பலருக்கும் இது தெரியாது. சேமிக்காத வேலை போய்விடும்.

அதுவும் வரவில்லையா, விளக்கு மின்னுவது அடங்கும்வரை பொறுத்து, பவர் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். 4 விநாடிக்கு மேல் பிடித்தால் வேண்டுகோள் கட்டளையாக மாறிவிடும். சில லேப்டாப்களில் 10 விநாடி வரை பிடிக்க வேண்டியிருக்கும்.

ஒன்று தெளிவாக இருக்கட்டும். டிஸ்க்கைப் பொறுத்தவரை பட்டனைப் பிடித்து அணைப்பதும் சுவரில் சுவிட்சைத் தட்டுவதும் ஒன்றுதான். எழுதி முடிக்காத தகவல் இரண்டிலும் போகும். எப்போதாவது ஒருமுறை என்றால் விண்டோஸ் தாங்கிக்கொள்ளும். தினசரி வழக்கமானால் தாங்காது.

நிஜமாகவே பழுதா?

பழுதே இல்லாமல் பழுது மாதிரி தெரியும் சில விஷயங்களை முதலில் கழித்துவிடலாம்.

அணைத்த பிறகும் மவுஸ் அடியில் சிவப்பு விளக்கு எரிகிறதா? பவர் சப்ளை எப்போதும் 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரத்தை மதர்போர்டுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதில்தான் எரிகிறது. பயாஸில் (விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே ஓடும் மதர்போர்டின் சொந்த மென்பொருள்) ஈஆர்பி என்ற அமைப்பை இயக்கினால் பெரும்பாலும் இதுவும் அணைந்துவிடும்.

லேப்டாப்பில் பவர் பட்டனைத் தட்டியோ மூடியைச் சாத்தியோ அணைத்ததாக நினைப்பவர்கள் நிறையப் பேர். அது வெறும் ஸ்லீப்பாக இருக்கும். பைக்குள் வைத்த லேப்டாப் சூடாகிறது, காலையில் பாட்டரி காலி என்றால் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்ற பக்கத்தில் ஷட் டவுன் என்று மாற்றிக்கொள்ளலாம்.

அப்டேட் அண்ட் ஷட் டவுன் கொடுத்தால் அணையாமல் ரீஸ்டார்ட் ஆகி உள்நுழைவுத் திரையில் வந்து நிற்பது பல வருடங்களாக இருந்த விண்டோஸின் சொந்தப் பிழை. 2025 அக்டோபர் கடைசியில் வந்த விண்டோஸ் 11 அப்டேட்டில் மைக்ரோசாப்ட் அதைச் சரிசெய்தது. உங்களுக்கு அப்டேட் நாளில் மட்டும் இப்படி ஆகிறதென்றால், விண்டோஸை நடப்புப் பதிப்புக்குக் கொண்டுவருவதுதான் மருந்து.

ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை நிறுத்திப் பாருங்கள்

இதை முதலில் சோதிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. விண்டோஸ் 8லிருந்து ஷட் டவுன் என்பது முழு ஷட் டவுன் கிடையாது. உங்கள் கணக்கை மூடிவிட்டு, விண்டோஸின் உள்மையத்தையும் டிரைவர்களின் நிலையையும் அப்படியே ஒரு ஃபைலாக டிஸ்கில் எழுதி வைத்துவிடும். மறுநாள் அதையே எடுத்து விரித்து வேகமாக எழுந்திருக்கும். நல்ல யோசனைதான். ஆனால் ஏதோ ஒரு டிரைவர் குழம்பிய நிலையில் இருந்தால், அந்தக் குழப்பமும் மறுநாளுக்குச் சேமிக்கப்படுகிறது. தினமும் அணைத்து ஏற்றியும் பழைய சிக்கல் போகாமல் ஒட்டிக்கொண்டிருப்பது இதனால்தான். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், சிபியு பக்கத்தில் அப்டைம் என்ற எண்ணைப் பாருங்கள். ராத்திரி அணைத்த கம்ப்யூட்டர் காலையில் 12 நாள் ஓடியதாகக் காட்டும்.

சோதிப்பது சுலபம். ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள், அந்த ஒருமுறை மட்டும் முழுமையாக அணையும். அப்படிச் செய்தால் ஒழுங்காக அணைகிறது, சாதாரணமாகக் கொடுத்தால் அணையவில்லை என்றால் விடை கிடைத்துவிட்டது.

நிரந்தரமாக நிறுத்த, கண்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், இடது பக்கம் ‘சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ’. உள்ளே கீழே இருக்கும் கட்டங்கள் மங்கலாக இருக்கும். மேலே ‘சேஞ்ச் செட்டிங்ஸ் தட் ஆர் கரன்ட்லி அனவெய்லபிள்’ என்ற வரியைக் கிளிக் செய்தால்தான் அவை உயிர்பெறும். ‘டர்ன் ஆன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ டிக்கை எடுத்து, சேமியுங்கள். எஸ்எஸ்டி என்ற வேகமான புதுவகை டிஸ்க் இருக்கும் கம்ப்யூட்டரில் இதனால் இழக்கும் வேகம் பெரிதாகத் தெரியாது. என்னைக் கேட்டால் வீட்டு டெஸ்க்டாப்பில் இது நிறுத்தியே இருக்கலாம். அதே கம்ப்யூட்டரில் லினக்ஸும் வைத்திருப்பவர்கள் கட்டாயம் நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் விண்டோஸ் பகுதி லினக்ஸில் திறக்க மறுக்கும் அல்லது படிக்க மட்டும் விடும்.

ஏதோ ஒரு புரோகிராம் விடமாட்டேன் என்கிறது

நீலத் திரையில் இந்த ஆப் தடுக்கிறது என்று ஒரு பெயரும், ‘ஷட் டவுன் எனிவே’, ‘கேன்சல்’ என்று இரண்டு பட்டனும் வந்தால், சிக்கல் முதல் படியிலேயே இருக்கிறது. அதைக் கவனிக்காமல் படுக்கப் போய்விட்டால் டெஸ்க்டாப்புக்கே திரும்பி, விடியவிடிய ஓடுவதும் உண்டு.

கேன்சல் கொடுத்து, பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். தெரிந்த புரோகிராம் என்றால் சேமித்து மூடினால் போயிற்று. பெயரே இல்லாமல் வெறும் குறி மட்டும் தெரிந்தால், கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒளிந்திருக்கும் சிறு குறிகளை ஒவ்வொன்றாக மூடிவிட்டு ஷட் டவுன் கொடுங்கள். எதை மூடிய பிறகு அணைகிறதோ அதுதான். கிளவுட் சேமிப்பு, பிரின்டர் கூடவே வந்த உதவி மென்பொருள், போனோடு இணைக்கும் மென்பொருள் இவைதான் அடிக்கடி சிக்கும். இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் ஒன்றை இன்றே எடுத்துவிடுங்கள்.

ஒன்றும் பிடிபடவில்லையா, ஸ்டார்ட் மெனுவில் சிஸ்டம் கான்ஃபிகரேஷன் என்று தேடித் திறங்கள். சர்வீசஸ் பக்கத்தில் மைக்ரோசாப்ட் சர்வீஸ்களை மறைக்கும் கட்டத்தை முதலில் டிக் செய்யுங்கள். இதை மறந்தால் விண்டோஸையே முடக்கிவிடுவோம். மிச்சம் இருப்பதில் பாதியை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்து, பிறகு அணைத்துப் பாருங்கள். அணைந்தால் குற்றவாளி எடுத்த பாதியில், அணையாவிட்டால் விட்ட பாதியில். அந்தப் பாதியை மறுபடி பாதியாக்குங்கள். 32 சர்வீஸ் இருந்தாலும் ஐந்து முறையில் ஒன்றுக்கு வந்துவிடலாம். டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்டப் பட்டியலிலும் இதே முறைதான்.

சர்வீஸ்களுக்குக் கொடுக்கும் கால அவகாசத்தை ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் உள் அமைப்புகள் எழுதியிருக்கும் இடம்) குறைத்தால் வேகமாக அணையும் என்று ஒரு யோசனை ஊரெல்லாம் சுற்றுகிறது. செய்யாதீர்கள். இப்போதைய விண்டோஸில் அது ஏற்கெனவே 5 விநாடிதான். கணக்கு மென்பொருளின் தரவுத்தளம் எழுதிக்கொண்டிருக்கும்போது கழுத்தைப் பிடித்துத் தள்ளினால் கெடுவது உங்கள் கணக்குதான்.

‘ஷட்டிங் டவுன்’ என்று சுற்றிக்கொண்டே இருந்தால்

மாமா வீட்டுக்கு வருகிறேன். புரோகிராம்கள் எல்லாம் மூடியாயிற்று, திரையில் எழுத்தும் வந்துவிட்டது, ஆகவே முதல் படியில் சிக்கல் இல்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை நிறுத்தினேன், மாற்றமில்லை. மாமா வழக்கம்போலச் சுவிட்சை நோக்கிப் போனார். “மாமா, இன்னைக்கு ஒருநாள் தொடாதீங்க, உக்காந்து பார்ப்போம்” என்றேன். அத்தை காபி கொடுத்தார். செல்போனில் நேரம் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் அந்தப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தோம். 5 நிமிடம், 8 நிமிடம். சரியாகப் 10 நிமிடம் தாண்டியதும் வெளிர்நீலத் திரை ஒன்று கண்ணிமைக்கும் நேரத்துக்கு வந்து மறைந்தது. கம்ப்யூட்டர் தானாக மறுபடி ஏறியது. ஏழெட்டு மாதத்தில் மாமா ஒருமுறைகூட அந்தப் பத்தாவது நிமிடத்தைப் பார்த்ததில்லை.

அந்தப் 10 நிமிடத்துக்கு அர்த்தம் உண்டு. அணையப்போகிறோம் என்ற கட்டளையை ஒரு டிரைவர் வாங்கிக்கொண்டு பதிலே சொல்லாமல் இருந்தால், விண்டோஸ் 10 நிமிடம் வரை காத்திருந்துவிட்டுத் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். அந்த நீலத் திரையின் பெயர் ‘டிரைவர் பவர் ஸ்டேட் ஃபெயிலியர்’. நீலத் திரை வந்தால் ரீஸ்டார்ட் ஆக வேண்டும் என்பது விண்டோஸின் இயல்பு அமைப்பு. அதனால் பார்ப்பவர்களுக்கு, ஷட் டவுன் கொடுத்தால் ரீஸ்டார்ட் ஆகிறது என்று மட்டும் தெரியும்.

அதைப் படிக்கும்படி நிற்க வைக்கலாம். ஸ்டார்ட் மெனுவில் ‘வியூ அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்’ என்று தேடுங்கள். ஸ்டார்ட்டப் அண்ட் ரெகவரி பகுதியில் செட்டிங்ஸ் பட்டன், உள்ளே ‘ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்’ டிக்கை எடுங்கள். அடுத்த முறை நீலத் திரை (புதிய விண்டோஸ் 11ல் அது கறுப்பாக இருக்கும்) அப்படியே நிற்கும், போனில் படம் எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொரு சாட்சி ஈவன்ட் வியூவர், விண்டோஸ் தனக்கு நடப்பதையெல்லாம் குறித்து வைக்கும் பதிவேடு. ஸ்டார்ட் மெனுவில் தேடித் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம் போங்கள். பட்டியல் மிரட்டும், ஆனால் நமக்கு வேண்டியது நாலைந்து எண்கள்தான். 6006 என்றால் பதிவேடு ஒழுங்காக மூடப்பட்டது, அதாவது நல்லபடியாக அணைந்தது. 6008 என்றால் முந்தைய முறை எதிர்பாராமல் நின்றுபோனது. 1074 இருந்தால் யார், எந்தப் புரோகிராம் அணைக்கச் சொன்னது என்ற விவரம் அதிலேயே இருக்கும். கர்னல் பவர் 41ஐப் பார்த்துப் பலர் பயந்துபோகிறார்கள். ஒழுங்காக அணையாமல் மறுபடி ஏறியது என்பதற்கு மேல் அது எதுவும் சொல்வதில்லை. ஆனால் அதன் டீடெய்ல்ஸ் பக்கத்தில் பக்செக் கோடு என்ற வரியைப் பாருங்கள். அங்கே 159 என்று இருந்தால், மேலே சொன்ன அதே டிரைவர் சிக்கல். 0 என்று இருந்தால் பெரும்பாலும் மின்சாரம் வெட்டப்பட்டது. மாமாவின் பட்டியலில் மாதக்கணக்கில் 0 வரிசையாக நின்றது. சுவிட்சைத் தட்டிய ஒவ்வொரு ராத்திரியும் ஒரு வரி. அன்றைக்குத்தான் முதல் 159.

மெதுவாக அணைகிறது, ஆனால் கடைசியில் அணைந்துவிடுகிறது என்றால் வேறொரு பதிவேடு உதவும். அதே ஈவன்ட் வியூவரில் அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ், மைக்ரோசாப்ட், விண்டோஸ், டயக்னாஸ்டிக்ஸ் பெர்ஃபார்மன்ஸ், ஆபரேஷனல். அங்கே 200 என்ற எண் அணைய எவ்வளவு நேரம் ஆனது என்று மில்லி விநாடியில் காட்டும். அதற்கு அடுத்த எண்களில் தாமதப்படுத்தியது யார் என்று பெயரோடு இருக்கும்.

டிரைவர்தான் என்று தெரிந்த பிறகு எந்த டிரைவர் என்பது கேள்வி. இங்கே மென்பொருளைத் தோண்டுவதற்கு முன் கையால் செய்யும் வேலை ஒன்று இருக்கிறது. கீபோர்டு, மவுஸ், மானிட்டர் தவிர செருகியிருக்கும் எல்லாவற்றையும் பிடுங்குங்கள். பிரின்டர், ஸ்கேனர், வெப்கேமரா, வெளி ஹார்டு டிஸ்க், யுபிஎஸ்ஸின் யுஎஸ்பி ஒயர், பெட்டியின் பின்னால் மறந்தே போன சின்னச் சின்னச் செருகிகள். மாமா வீட்டில் பெட்டியை முன்னால் இழுத்துத் திருப்பியபோது, ஒட்டடைக்கு நடுவே விரல்நுனி அளவில் ஒரு யுஎஸ்பி வைஃபை செருகி இருந்தது. அதைப் பிடுங்கிவிட்டு ஷட் டவுன் கொடுத்தோம். 9 விநாடியில் அணைந்தது. மாமா நம்பாமல் மறுபடி ஏற்றி அணைத்துப் பார்த்தார்.

செருகியைத் தூக்கியெறிய வேண்டியதில்லை. விண்டோஸ் தானாகப் போட்டிருந்த பழைய டிரைவரை நீக்கி, சிப் எந்த நிறுவனத்தினுடையதோ அவர்களது புதிய டிரைவரைப் போட்டதும் அதே செருகியோடு இன்றுவரை ஒழுங்காக அணைகிறது.

பிடுங்கியும் சரியாகவில்லை என்றால், அத்தியாவசிய டிரைவர்களை மட்டும் வைத்து விண்டோஸ் ஏறும் சேஃப் மோடில் பாருங்கள். ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்து, ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ் போய், மறுபடி ஏறும்போது 4ஐ அழுத்துங்கள். பிட்லாக்கர் என்ற விண்டோஸ் வசதியால் டிஸ்க் பூட்டப்பட்ட லேப்டாப்களில் இந்த வழியில் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கலாம். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கில் இருக்கும், முன்னதாகவே எடுத்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சேஃப் மோடில் ஒழுங்காக அணைந்தால் கூடுதல் டிரைவர் ஒன்றுதான் காரணம். சாதனங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறி இருப்பவை, சமீபத்தில் மாறியவை, கிராஃபிக்ஸ், நெட்வொர்க், ஆடியோ என்ற வரிசையில் பாருங்கள். சமீபத்திய அப்டேட்டுக்குப் பிறகுதான் கெட்டது என்றால் ‘ரோல் பேக் டிரைவர்’ கொடுங்கள். எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் புதுப்பிக்கிறேன் என்று விளம்பரம் செய்யும் மென்பொருள் பக்கம் போகாதீர்கள். உங்கள் மாடல் எண்ணைப் போட்டு, தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே எடுங்கள்.

வேகமாக்கும் மென்பொருள் ஏதாவது போட்டிருந்தீர்களா? அவற்றில் சில, அணையும்போது பேஜ் ஃபைலை (நினைவகம் போதாதபோது விண்டோஸ் டிஸ்கில் பயன்படுத்தும் ஃபைல்) துடைக்கும் அமைப்பை இயக்கிவிடும். பல ஜிபி அளவுள்ள ஃபைலை ஒவ்வொரு ராத்திரியும் பூஜ்யத்தால் நிரப்ப நேரம் ஆகத்தானே செய்யும். அந்த மென்பொருளில் அந்த அமைப்பை நிறுத்திவிட்டு, பிறகு மென்பொருளையும் நீக்குங்கள்.

திரை இருட்டாகிறது, ஃபேன் மட்டும் ஓடுகிறது

இது கடைசிப் படியில் நிற்பது. விண்டோஸ் தன் வேலையை முடித்துவிட்டது, மின்சாரத்தை நிறுத்தும் சைகைதான் போய்ச் சேரவில்லை. இந்த நிலையில் பட்டனைப் பிடித்து அணைப்பதில் டிஸ்குக்கு ஆபத்து குறைவு. ஆனாலும் காரணத்தைக் கண்டுபிடிப்பது நல்லது.

இன்டெல் கம்ப்யூட்டர்களில் மேனேஜ்மென்ட் எஞ்சின் என்ற டிரைவரை முதலில் பாருங்கள். 2015ல் விண்டோஸ் 10 வந்த புதிதில் பல பழைய லேப்டாப்கள் இதே மாதிரி விளக்கும் ஃபேனும் ஓடியபடி நின்றன. விண்டோஸ் போட்ட புதிய பதிப்பை எடுத்துவிட்டு, தயாரிப்பாளர் அந்த மாடலுக்குக் கொடுத்த பழைய பதிப்பைப் போட்டதும் பலருக்குச் சரியானது. புதியதுதான் எப்போதும் நல்லது என்ற எண்ணம் இங்கே செல்லாது. அதோடு மதர்போர்டுக்கான சிப்செட் டிரைவரையும் போடுங்கள்.

அதற்கடுத்து பயாஸ். கம்ப்யூட்டர் ஏறத் தொடங்கும்போதே டெலீட் அல்லது எஃப்2 விசையைத் தட்டி உள்ளே போய், மாற்றங்களையெல்லாம் இயல்பு நிலைக்குக் கொண்டுவரும் ‘லோட் டிஃபால்ட்ஸ்’ கொடுத்துப் பாருங்கள். முன்பு மாற்றி வைத்த அமைப்பு இருந்தால் செல்போனில் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டு செய்யுங்கள். பயாஸையே புதுப்பிப்பது கடைசி வழி. மின்வெட்டு வரும் நேரத்தில், யுபிஎஸ் இல்லாமல் அதைத் தொடவே கூடாது. பாதியில் கரண்ட் போனால் மதர்போர்டே போகலாம். பிட்லாக்கர் இருந்தால் பயாஸைத் தொடுமுன்பும் அந்த 48 இலக்கச் சாவி கையில் இருக்க வேண்டும்.

அணைந்துவிட்டுத் தானாக மறுபடி ஏறுகிறது

எப்போது ஏறுகிறது என்பதுதான் துப்பு. ஷட் டவுன் கொடுத்த கையோடு ஏறினால் மேலே சொன்ன நீலத் திரை ரீஸ்டார்ட்டா, ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பா என்று பாருங்கள்.

கரண்ட் போய் வந்ததும் ஏறினால் அது பயாஸ் அமைப்பு. ‘ரீஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ்’ அல்லது அதை ஒத்த பெயரில் இருக்கும், ‘பவர் ஆஃப்’ என்று மாற்றுங்கள். அடிக்கடி மின்வெட்டு இருக்கும் ஊரில், ஆளில்லாத வீட்டில் கம்ப்யூட்டர் தானாக ஓடிக்கொண்டிருப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். குறிப்பிட்ட நேரத்துக்கு ஏறினால் அதே பயாஸில் ஆர்டிசி அலாரம் என்ற நேரக் கணக்கு, அதை நிறுத்துங்கள். கண்டபடி ஏறினால் லேன் கேபிளைப் பிடுங்கி ஓரிரவு விட்டுப் பாருங்கள். அமைதியாக இருந்தால், நெட்வொர்க் வழியாக எழுப்பும் வேக் ஆன் லேன் வசதிதான் காரணம், அதை பயாஸிலும் டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் கார்டின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்திலும் நிறுத்துங்கள். மாற்றிய அமைப்பு மறுநாள் பழையபடி ஆகிவிடுகிறது, கடிகாரமும் பின்னால் போகிறது என்றால் மதர்போர்டில் இருக்கும் நாணயம் போன்ற பாட்டரி தீர்ந்திருக்கிறது. சிஆர் 2032 என்று கேட்டு வாங்கி மாற்றலாம்.

கேபினெட்டின் பவர் பட்டனை மறக்காதீர்கள். அழுத்திவிட்டு விரலை எடுக்கும்போது அது துள்ளி மேலே வர வேண்டும். தூசி சேர்ந்த பட்டன் உள்ளேயே ஒட்டிக்கொண்டால் அணைந்ததும் ஏறும், ஏறியதும் அணையும். சந்தேகம் இருந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெட்டியைத் திறந்து, மதர்போர்டிலிருந்து அந்த இரட்டை ஒயரைக் கழற்றி, பக்கத்தில் உள்ள ரீசெட் பட்டன் ஒயரை அதன் இடத்தில் மாட்டிப் பாருங்கள். ரீசெட் பட்டன் இப்போது பவர் பட்டனாக வேலை செய்யும். சிக்கல் போய்விட்டால் பட்டன்தான்.

டிஸ்க்கைப் பற்றி

அணைய நேரமாகிறது, கூடவே ஃபைல் திறக்கவும் நேரமாகிறது, பெட்டிக்குள் டக் டக் என்று சத்தம் கேட்கிறது என்றால் மேலே உள்ள எதையும் செய்யாதீர்கள், முதலில் நகல் எடுங்கள். டிஸ்க் செத்துக்கொண்டிருக்கலாம். எழுதி முடிக்க முடியாமல்தான் விண்டோஸ் காத்துக்கொண்டிருக்கும். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் டிஸ்க்கின் உடல்நிலையை ஒரே பக்கத்தில் காட்டும். நீலத்தில் ‘குட்’ என்று இருந்தால் பரவாயில்லை. மஞ்சளில் ‘காஷன்’ என்று வந்தால் புது டிஸ்குக்குப் பணம் எடுத்து வையுங்கள். எஸ்எஸ்டிகள் பலவற்றில் அன்சேஃப் ஷட் டவுன் என்ற எண்ணிக்கையும் அதில் இருக்கும். எத்தனை முறை மின்சாரம் திடீரென வெட்டப்பட்டது என்பதை டிஸ்க் தானே எண்ணி வைத்திருக்கிறது.

டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால், பலமுறை தப்பாக அணைந்ததால் கெட்டுப்போன விண்டோஸ் ஃபைல்களைச் சரிபார்க்கலாம். கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, எஸ், எஃப், சி என்ற மூன்று எழுத்து, ஓர் இடைவெளி, முன்சாய்கோடு, ஒட்டியபடியே ஸ்கேன்நவ் என்று ஆங்கிலத்தில் ஒரே சொல்லாகத் தட்டி என்டர் கொடுங்கள். கால் மணி நேரம் போல ஆகலாம். பிறகு திஸ் பிசியில் சி டிரைவை வலது கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ், டூல்ஸ், செக் கொடுங்கள்.

கடைக்குக் கொண்டுபோக வேண்டி வந்தால்

பென் டிரைவிலிருந்து லினக்ஸ் ஏற்றி, அதிலிருந்து அணைத்துப் பார்ப்பது நல்ல சோதனை. அதிலும் ஃபேன் நிற்காமல் ஓடினால் விண்டோஸ் மேல் பழியில்லை. பயாஸ், மதர்போர்டு அல்லது பவர் சப்ளைதான். அப்போது கடைக்குப் போகலாம்.

போகும்போது “அணையவில்லை” என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்தத் திரையில் நிற்கிறது, எத்தனை நிமிடம், யுஎஸ்பி எல்லாம் கழற்றியும் அப்படியா, சேஃப் மோடில் எப்படி, ஈவன்ட் வியூவரின் 41ல் பக்செக் எண் என்ன, லினக்ஸில் என்ன ஆனது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். நீலத் திரையின் படத்தைக் காட்டுங்கள். வேறொரு நல்ல பவர் சப்ளையை மாட்டிப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், கடையில் அது சில நிமிட வேலை. ஃபார்மேட் என்ற பேச்சு வந்தால், தகவலின் நகல் உங்கள் வீட்டில் பத்திரமாக இருக்கிறதா, அந்த நகலிலிருந்து நாலு படங்களாவது திறக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு சரி சொல்லுங்கள்.